மாரியோ பாட்டு அப்போது மெதுவாக இருந்ததா? பரணில் கிடைத்த டிவி கேம்

கெடிலக்கரை | ஞாயிறு, காலை 10.15

மஞ்சக்குப்பத்தில் அப்பா இருந்த வீட்டை வாடகைக்கு விடப் போகிறோம். போன வாரம் பரணைக் காலி செய்தபோது பித்தளைக் குடங்களுக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடைப் பை கிடைத்தது. உள்ளே எங்கள் டிவி கேம். 1997 முழுப் பரீட்சை லீவில் அப்பா பாண்டி நேரு வீதியில் வாங்கிவந்தது. பெட்டி அப்போது வெளிர் சாம்பல் நிறம், இப்போது பழைய பஞ்சாங்கத் தாள் மாதிரி மஞ்சளாகிவிட்டது. இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, எலிமினேட்டர் (கரண்ட் அடாப்டர்), ஐந்து கேசட். ஒரு கேசட்டின் லேபிளை ராமபாணப் பூச்சி பாதி தின்றிருக்கிறது. மீதிப் பாதியில் பேனாவால் 'டேங்க்' என்று எழுதியிருக்கிறது. என் தங்கையின் எழுத்து.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, இதை எப்படி ஓட வைப்பது? இருபது வருஷமாவது கரண்ட் பார்க்காத பெட்டி.

இரண்டாவதுதான் என்னைக் குடைகிறது. மகனுக்குக் காட்டலாமே என்று போனில் மாரியோ போட்டேன். பாட்டு ஆரம்பித்த உடனே எனக்கு உறுத்தியது. என் காதில் இத்தனை வருஷமாக இருக்கும் பாட்டு இதைவிட நிதானமானது. மெட்டு அதேதான், சுருதியும் அதேதான், தாளம் மட்டும் ஓடுகிறது. பத்து வீடியோ மாற்றிப் போட்டேன், எல்லாம் ஒரே வேகம். மாரியோவும் என் நினைவில் இருப்பதைவிட வேகமாக ஓடுகிறான். நான் தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறேனா? வேறு யாருக்காவது இப்படித் தோன்றியிருக்கிறதா?

சாலிடர்கை | ஞாயிறு, காலை 10.50

தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். அந்த எலிமினேட்டரை அவசரப்பட்டு பிளக்கில் செருகிவிடாதீர்கள்.

நான் கடலூர் ஓ.டி.யில் (முதுநகரில்) 30 வருஷம் டிவி, டேப்ரெக்கார்டர் பார்த்தவன். 90களின் கடைசியில் லீவு விட்டால் டிவியைவிட இந்தப் பெட்டிகள்தான் கடைக்கு அதிகம் வரும். பாதிக்கு மேல் ஒரே கோளாறு: வேறு எதற்கோ வாங்கிய எலிமினேட்டரை மாட்டியிருப்பார்கள். பின்னின் நடுப்பக்கம் பிளஸ்ஸா மைனஸா என்று யாரும் பார்ப்பதில்லை. ஜப்பானில் நிண்டெண்டோ செய்த ஒரிஜினலில், அதாவது ஃபேமிகாமில், நடுப்பக்கம் மைனஸ். நமக்கு வந்த நகல்களில் இரண்டு வகையும் உண்டு. அதனால் மூடியைத் திறந்து, பவர் பின்னிலிருந்து எந்தக் கம்பி எர்த்துக்குப் போகிறது என்று மீட்டரில் பார்த்த பிறகுதான் கரண்ட். 9 வோல்ட் என்று போட்டிருக்கும் எலிமினேட்டர் சும்மா அளந்தால் 13, 14 காட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம். உள்ளே 7805 என்று மூன்று கால் ஐசி ஒன்று இரும்புத் தகட்டில் திருகியிருக்கும், அது 5 வோல்ட்டாக்கித்தான் உள்ளே விடும். கெப்பாசிட்டர் எதன் தலையாவது உப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது கேசட். தயவுசெய்து ஊதாதீர்கள். நாம் எல்லாரும் ஊதினோம், ஊதினால் ஓடியது, ஆனால் ஓடியதற்குக் காரணம் ஊதல் இல்லை. கழற்றி மாட்டியதுதான் காரணம். மாட்டும்போது அந்த 60 காலும் உரசிப் புதுத் தொடர்பு கிடைக்கிறது. வாயிலிருந்து போகும் ஈரம் செம்பில் உட்கார்ந்து பச்சை பிடிக்கும். நம்மூரில் அது இன்னும் மோசம், காற்றிலேயே உப்பு இருக்கிறது. தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த செட்டையும் நெய்வேலியிலிருந்து வந்த செட்டையும் ஸ்க்ரூ சுற்றும் விதத்திலேயே சொல்லிவிடுவேன். கடற்கரைச் செட்டில் ஸ்க்ரூ கிறீச்சென்று கத்திக்கொண்டுதான் வரும்.

வெள்ளை ரப்பரால் கால்களை மெதுவாகத் தேயுங்கள், பென்சில் அழிக்கிற அதே ரப்பர். துகளைத் தட்டிவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரொப்பைல் ஸ்பிரிட்டில் தொட்டுத் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள்.

பாட்டுக்குக் காரணம் எனக்குத் தெரியாது. ஆனால் ரிப்பேர் முடிந்து சோதிக்கிறபோது ஆயிரம் தடவை அந்தப் பாட்டைக் கேட்டவன் நான். எனக்கும் அது நிதானமாகத்தான் ஞாபகம்.

முத்தியால்பேட்டை | ஞாயிறு, பகல் 12.05

கெடிலக்கரை, உங்கள் ஆர்வம் புரிகிறது, ஆனால் இது ஞாபகத்தின் வேலை என்றுதான் நினைக்கிறேன். பத்து வயதில் ஒரு மாத லீவு ஒரு வருஷம் மாதிரி நீண்டது. நான் படித்த பள்ளிக்கூடத்து மைதானத்தைப் போன வருஷம் போய்ப் பார்த்தேன், இவ்வளவு சின்னதா என்று ஆகிவிட்டது. பாட்டுக்கும் அதுதான் நடந்திருக்கும். அந்த மாரியோ கேம் மொத்தமே 40 கிலோபைட். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு பூங்கொத்துப் படம் அதைவிடப் பெரிது. அதற்குள் இருக்கும் பாட்டு எப்படி மாறும்?

வில்லியனூர்க்காரி | ஞாயிறு, மாலை 4.30

'டேங்க்' என்று எழுதியது தங்கை என்று படித்ததும் எழுத வந்தேன்.

எங்கள் வீட்டிலும் முதல் ஜாய்ஸ்டிக் அண்ணனுக்கு, இரண்டாவது எனக்கு. டேங்க் கேமில் அண்ணன் முன்னால் போய்ச் சுடுவான். கீழே செங்கல் சுவருக்குள் இருக்கும் கழுகைக் காப்பது என் வேலை. ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் 20 டேங்க் வரும், வலது ஓரத்தில் குட்டிக் குட்டிப் படமாக அந்த எண்ணிக்கை குறையும். அண்ணன் அதைப் பார்க்கவே மாட்டான். 'இன்னும் நாலு', 'இன்னும் மூணு' என்று நான்தான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஆனால் அந்த கேமில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. ஒரு ஆள், இரண்டு ஆள் என்று தேர்ந்தெடுக்கும் வரிகளுக்குக் கீழே மூன்றாவதாக 'கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ஒரு வரி இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? நாமே ஸ்டேஜ் கட்டலாம். அண்ணன் டியூஷன் போன பிறகு நான் அதற்குள் போய்விடுவேன். குறுக்கே 13 கட்டம், நெடுக்கே 13 கட்டம். மார்கழி முழுக்க அம்மாவோடு வாசலில் உட்கார்ந்த பிள்ளைக்கு 13 என்றால் உடனே கை வந்துவிடும், நடுப்புள்ளி ஏழாவது. செங்கல்லால் இதழ், தண்ணீரால் நடுப்பூ, பச்சைப் புதரால் ஓரம், இரும்புச் சுவரால் நாலு மூலையிலும் ஒவ்வொரு விளக்கு. கழுகு மட்டும் கீழ் வரிசையில் நடுவில் உட்கார்ந்திருக்கும், அதை நகர்த்த முடியாது. அதனால் கோலத்தின் காம்பு அதன்மேல் வந்து நிற்கிற மாதிரி போடுவேன்.

அண்ணன் வந்ததும் அந்தக் கோலத்துக்குள்ளேயே விளையாடுவோம். எந்த இதழ் முதலில் உடைகிறது என்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். சுவிட்சை அணைத்தால் கோலமும் போய்விடும் என்பதால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கட்டம் போட்டு வரைந்து வைத்தேன். 11 கோலம். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது, செட்தான் இல்லை. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனபோது பழைய சாமானோடு போட்டுவிட்டார்கள்.

உங்கள் செட் ஓடினால் தங்கையைக் கூப்பிடுங்கள். அந்த டேங்க் கேசட்டை அவர் கையால் மாட்டட்டும்.

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 8.10

அக்கா, படித்து முடித்ததும் தங்கைக்கு போன் போட்டேன். பண்ருட்டியில் இருக்கிறாள். அந்த எழுத்தைப் படம் எடுத்து அனுப்பியதும் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அடுத்த ஞாயிறு வருகிறாள்.

சாலிடர்கை அண்ணா, மூடியைத் திறந்துவிட்டேன். கெப்பாசிட்டர் எதுவும் உப்பவில்லை. நடுப்பக்கம் மைனஸ்தான். ஆனால் போர்டில் ஐசியே காணோம், கறுப்புத் தாரைச் சொட்டு விட்ட மாதிரி இரண்டு திட்டு மட்டும் இருக்கிறது. எரிந்துபோனதா?

சாலிடர்கை | ஞாயிறு, இரவு 8.40

எரியவில்லை தம்பி, அதுதான் ஐசி. காலும் கூடும் போட்டால் காசு அதிகம் என்று சிலிக்கான் சில்லை நேராகப் போர்டில் ஒட்டி, முடியைவிட மெல்லிய கம்பியால் இணைத்து, மேலே எபாக்ஸிப் பிசினை ஊற்றி மூடிவிடுவார்கள். நம் கேசட்டுக்குள்ளும் அதே சொட்டுதான். அது போனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, அதனால்தான் பிளஸ், மைனஸ் விஷயத்தில் அவ்வளவு சொன்னேன்.

துறைமுகத்தான் | திங்கள், காலை 7.20

நானும் ஓ.டி.தான். எங்கள் வீட்டில் டிவி கேம் வாங்கவில்லை, பிரிக் கேம்தான். பாண்டி சண்டே மார்க்கெட்டில் காந்தி வீதி நடைபாதையில் மாமா வாங்கிக் கொடுத்தது. முகப்பில் 9999 கேம் என்று போட்டிருக்கும். உள்ளே டெட்ரிஸ், கார் ரேஸ், பாம்பு, தவளை, சுடுகிற கேம் என்று ஒரு கைப்பிடிதான். மீதியெல்லாம் அதையே வேகம் மாற்றி, தலைகீழாக்கி எண்ணியது. அதில் எனக்கு ஏமாற்றமே இல்லை. 10 கட்ட அகலம், 20 கட்ட உயரம், அதற்குள் அவ்வளவு இருந்தது.

தானே புயல் அடித்தது 2011 டிசம்பர் 30 விடியற்காலை. பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் தெருவில் ஒரு கம்பம் நிற்கவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ நாள் கரண்ட் இல்லை, போன் எல்லாம் செத்துவிட்டது. ஆறு மணிக்கே ஊர் இருட்டிவிடும். அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் பயந்துபோய் அழுதபோது அம்மா பீரோவிலிருந்து இந்த பிரிக் கேமை எடுத்துக் கொடுத்தார். டார்ச்சில் போடும் கட்டை அதற்குச் சேராது, ரேடியோவிலிருந்து இரண்டு பென்சில் கட்டையைப் பிடுங்கிப் போட்டோம்.

அதன் திரைக்கு வெளிச்சம் கிடையாது. மெழுகுவர்த்தியை நேராகப் பிடித்தால் கண்ணாடி பளபளத்து ஒன்றும் தெரியாது. தோளுக்குப் பின்னால் இடது பக்கம், ஒரு சாண் உயரத்தில் பிடிக்க வேண்டும், அப்போதுதான் கட்டங்கள் தெரியும். ஒருவன் விளையாட, இன்னொருவன் மெழுகுவர்த்தி பிடிக்க, வரிசை முடிந்ததும் மாற்றிக்கொள்வார்கள். அத்தனை ராத்திரிக்கும் அந்த இரண்டு கட்டை போதுமாக இருந்தது. வீட்டில் வேறு சத்தமே இல்லாதபோது அந்த 'கீச்' சத்தம் எவ்வளவு தெம்பாக இருந்தது என்று எப்படிச் சொல்வது.

இப்போது அதன் திரையில் நாலு வரிசை தெரியவில்லை. மேலிருந்து வரும் துண்டு நடுவில் மறைந்து மறுபடி கீழே தெரிகிறது. சரி செய்ய முடியுமா அண்ணா?

சாலிடர்கை | திங்கள், காலை 9.00

நிச்சயமாக முடியும், கடைக்குக்கூடக் கொண்டுபோக வேண்டாம்.

அந்தத் திரைக்கும் போர்டுக்கும் நடுவில் சாலிடரே கிடையாது. ஒரு ரப்பர் பட்டைதான், தீக்குச்சி தடிமன் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வரிக்குதிரை மாதிரி கறுப்புக்கோடு, வெள்ளைக்கோடு மாறி மாறி இருக்கும். தொழிலில் அதற்குப் பேரே ஜீப்ரா ஸ்ட்ரிப். கறுப்புக்கோடு கரி கலந்த ரப்பர், மின்சாரம் கடத்தும். வெள்ளை கடத்தாது. கண்ணாடியின் ஓரத்தையும் போர்டின் தங்கக் கோடுகளையும் இந்தப் பட்டை அழுத்தத்தால் மட்டுமே சேர்த்துப் பிடிக்கிறது. வியர்வையோ உப்போ நடுவில் புகுந்தால், ஸ்க்ரூ தளர்ந்தால், அந்த வரிசை மட்டும் மறையும்.

பின்மூடி ஸ்க்ரூக்களைக் கழற்றி, கண்ணாடியை ஓரத்தில் பிடித்து எடுங்கள். பட்டை எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று முதலிலேயே போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் பட்டையின் மேல், கீழ் இரண்டு முகத்தையும், போர்டின் கோடுகளையும், கண்ணாடி ஓரத்தையும் ஒரே திசையில் துடையுங்கள். காய்ந்த பிறகு வைத்து, ஸ்க்ரூவை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குங்கள். கண்ணாடியின் மேல் ஒரு மெல்லிய தாள் தனியாகக் கழன்று வந்தால் அது போலரைசர், அதைத் திருப்பி வைத்துவிடாதீர்கள். திருப்பினால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறிவிடும்.

துறைமுகத்தான் | திங்கள், இரவு 9.45

மூன்று வரிசை வந்துவிட்டது! நாலாவது, கட்டை விரலால் அழுத்தினால் வருகிறது, விட்டால் போகிறது.

சாலிடர்கை | திங்கள், இரவு 10.00

மூடிக்கும் போர்டுக்கும் நடுவில் அந்த இடத்துக்கு நேராக ஒரு துண்டு போஸ்ட்கார்டு வெட்டி வையுங்கள். அழுத்தம் கிடைத்துவிடும்.

துறைமுகத்தான் | திங்கள், இரவு 10.25

நாலும் வந்துவிட்டது அண்ணா. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்.

முத்தியால்பேட்டை | செவ்வாய், இரவு 9.30

இதையெல்லாம் படித்த பிறகு நானும் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சித்தப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். தெருவில் 'சொல்தா வீடு' என்று கேட்டாலே எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். 1993 ஆகஸ்ட் லீவில் பாரிசிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு சேகா மெகா டிரைவ் கொண்டுவந்தார். கறுப்புப் பெட்டி, கூடவே சோனிக். கரண்ட் பிரச்சினை இல்லை, அங்கேயும் 220 வோல்ட்தான். ஆனால் டிவிக்குப் போகும் ஒயரைப் பிரித்ததும் வீடே வாயடைத்துப் போனது. முனையில் தீப்பெட்டி அகலத்துக்கு 21 பின் வைத்த பிளக். எங்கள் டிவியின் பின்னால் இருந்ததோ ஆன்டெனா ஓட்டை ஒன்றுதான். பிரான்சில் 1980-லிருந்து விற்கும் டிவி எல்லாவற்றிலும் அந்தச் சாக்கெட் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமாம். பெரிடெல் என்பார்கள். இங்கே அதைப் பார்த்தவரே இல்லை.

சித்தப்பா லீவு முடிந்து கிளம்பும்வரை அது ஓடவில்லை. அவர் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, ஏதோ அவர் தப்பு செய்துவிட்ட மாதிரி. பிறகு பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஒரு ரேடியோ மெக்கானிக், வயதானவர், இரண்டு நாள் வைத்திருந்தார். 21 பின்னில் வீடியோ வருவது 20ஆம் பின்னில் என்று கண்டுபிடித்து, அதையும் ஒலிக் கம்பியையும் தனியாக இழுத்து வி.சி.ஆர்.-இல் விட்டு, வி.சி.ஆர்.-இலிருந்து ஆன்டெனா ஒயர் வழியாக டிவிக்குக் கொடுத்தார். கலரோடு படம் வந்தது. நான் சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். அந்த நீல இன்லேண்டு... இல்லை, ஏரோகிராம், அதை அவர் பத்திரமாக வைத்திருந்தது அவர் தவறிய பிறகுதான் தெரிந்தது.

மைதானம் சின்னதாகத் தெரிகிறது என்று எழுதியவன்தான் நான். ஆனால் சோனிக் பாட்டை இன்று கேட்டால் எனக்கும் கொஞ்சம் வேகமாகத்தான் தெரிகிறது. அதை முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன்.

லாஸ்பேட்டை வாத்தியார் | செவ்வாய், இரவு 11.10

கெடிலக்கரை, முத்தியால்பேட்டை, இரண்டு பேரின் காதும் சரி. ஞாபகம் கொஞ்சமும் பிசகவில்லை.

இந்த கேம்களுக்குக் கடிகாரமே டிவிதான். திரையை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை வரைந்து முடித்ததும் கேம் ஓர் அடி எடுத்து வைக்கும். மாரியோ ஓர் அடி, ஆமை ஓர் அடி, பாட்டும் ஓர் அடி. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி என்.டி.எஸ்.சி. முறை, விநாடிக்கு 60 தடவை வரையும். நம்முடையது பி.ஏ.எல்., 50 தடவை. ஜப்பான்காரர் 60-க்குக் கணக்குப் போட்டு எழுதிய அதே பாட்டு நம் வீட்டில் விநாடிக்கு 50 அடிதான் நடந்தது. அங்கே ஐந்து நிமிடத்தில் முடிவது இங்கே ஆறு நிமிடம். இப்போது இணையத்தில் கேட்பது எல்லாமே பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் செட்டில் பதிவு செய்தவை. அதனால்தான் பத்து வீடியோ மாற்றினாலும் அதே வேகம்.

சுருதி மாறவில்லை என்று எழுதினீர்களே, எனக்கு அதுதான் முக்கியமான சாட்சி. சுருதி டிவியிலிருந்து வருவதில்லை, சிப்பின் கடிகாரத்திலிருந்து வருகிறது. ஜப்பான் ஃபேமிகாமில் அது 1.79 மெகாஹெர்ட்ஸ். நிண்டெண்டோ ஐரோப்பாவுக்குச் செய்த செட்டில் 1.66, அதில் ஜப்பான் கேசட்டைப் போட்டால் தாளத்தோடு சுருதியும் இறங்கிவிடும். ஆனால் தைவானின் யு.எம்.சி. சிப்பையும் அதன் வழிவந்த சிப்களையும் போட்டு 50 ஹெர்ட்ஸ் டிவிக்காகச் செய்த நகல்களில் 1.77. ரஷ்யாவில் 1992இல் டெண்டி என்ற பெயரில் விற்றதும் இந்த வகைதான். ஜப்பான் கேசட் அப்படியே ஓட வேண்டும் என்று செய்தது. அதில் சுருதி கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும், தாளம் மட்டும் ஆறுக்கு ஐந்தாகும். நீங்கள் முதல் பதிவில் எழுதியது வார்த்தைக்கு வார்த்தை இதுதான். ஐரோப்பிய செட்டையோ ஜப்பான் செட்டையோ கேட்டு வளர்ந்தவர் காதில் அந்தப் பாட்டு இப்படி இருக்காது.

வேண்டுமானால் அளந்து பார்க்கலாம். முதல் ஸ்டேஜில் டைம் 400-லிருந்து இறங்கும். ஓர் எண் இறங்க 24 ஃபிரேம், அதாவது திரையை 24 தடவை வரையும் நேரம். மொத்தம் 9600 ஃபிரேம். 60 ஹெர்ட்ஸில் 160 விநாடி, அதாவது 2 நிமிடம் 40 விநாடி. 50-இல் 192 விநாடி, 3 நிமிடம் 12. மாரியோவைத் தொடக்க இடத்திலேயே நிற்க வையுங்கள். திரை நகராதவரை அங்கே எதிரி எதுவும் வராது. டைம் முடியும்வரை கடிகாரத்தைப் பாருங்கள்.

ஒரே நிபந்தனை, பழைய குழாய் டிவி வேண்டும். அளவுக்காக இல்லை, அந்தத் துப்பாக்கிக்காக. வாத்து சுடும் கேமில் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையில் இருக்கும் சென்சார் முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்தால்தான் வாத்து விழும். இப்போதைய எல்.இ.டி. டிவி படத்தை வாங்கிப் பதப்படுத்திக் காட்டுவதற்குள் அந்தக் கணம் போய்விடும்.

புதுநகர் | புதன், காலை 8.15

எல்லாம் சரி. ஆனால் நாம் பேசுவது திருட்டு நகல்களைப் பற்றி. எழுதியவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை. அதை நினைத்து உருகுவது எனக்கு நெருடுகிறது.

லாஸ்பேட்டை வாத்தியார் | புதன், காலை 10.40

நெருட வேண்டியதுதான். எழுதியவர்களின் பெயரைச் சொல்லாமல் நான் வகுப்பில் இதைப் பேசுவதில்லை. நம் ஜாய்ஸ்டிக்கில் இடது கட்டை விரலுக்கு இருந்த அந்தச் சிலுவைப் பொத்தானை நிண்டெண்டோவில் கொண்டுவந்தவர் கும்பே யோகோய், 1982இல் டாங்கி காங் கையடக்க கேமுக்காக. டெட்ரிஸ் எழுதியவர் அலெக்ஸி பாஜிட்னோவ், 1984இல் மாஸ்கோவில். இவர்களுக்குச் சேர வேண்டியது நம் தெருக்களிலிருந்து போகவில்லை என்பது உண்மை.

அதே சமயம் இன்னொன்றும் உண்மை. ஒரிஜினல் ஃபேமிகாம் பற்றி எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். 1983 ஜூலை 15 அன்று வந்தது, 2003இல் தயாரிப்பை நிறுத்தினார்கள், 2007வரை ரிப்பேர் செய்து கொடுத்தார்கள். நம் வீட்டுப் பெட்டியின் மூடியில் செய்தவர் பெயர்கூட இல்லை. 50 ஹெர்ட்ஸில் நடந்த அந்த மாரியோ, அந்தத் தாளம், இந்தப் பெயரில்லாத பெட்டிகளில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் இங்கே கேட்கிறேன், வீட்டில் இருப்பவர்கள் தூக்கிப் போடாதீர்கள். போர்டையும் கேசட்டையும் படம் எடுத்து இந்த இழையிலேயே போடுங்கள்.

புதுநகர் | புதன், பகல் 1.00

இதை ஒப்புக்கொள்கிறேன். என் மைத்துனர் வீட்டில் ஒன்று இருக்கிறது, சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 9.20

வேலை முடிந்தது, எல்லாருக்கும் சொல்ல வேண்டும்.

குழாய் டிவிக்காகத் திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலிருந்து பாண்டி வரைக்கும் கேட்டுவிட்டேன். கடைசியில் அத்தை வீட்டுக் கொல்லையில் கிடைத்தது. 2006க்கு அப்புறம் அரசு கொடுத்த இலவச வண்ண டிவி, 14 அங்குலம், மேலே அரிசி மூட்டை. பின்னால் மஞ்சள், வெள்ளை ஓட்டை இரண்டும் இருந்தன. போட்டதும் 'டொங்' என்று அந்தச் சத்தம், கை முடியெல்லாம் திரையை நோக்கி நிமிர்ந்தது. மகன் கையைத் திரையருகில் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பார்த்தான்.

டேங்க் கேசட்டை தங்கைதான் மாட்டினாள். முதல் தடவை வெறும் சாம்பல் திரை. கழற்றினாள், வாயருகே கொண்டுபோனாள், 'ஊதாதே' என்று நானும் மகனும் ஒரே நேரத்தில் கத்தினோம். இன்னும் ஒரு தடவை பஞ்சால் துடைத்தோம், வந்துவிட்டது. வில்லியனூர் அக்கா, நீங்கள் எழுதியதைத் தங்கைக்குக் காட்டியிருந்தேன். நேராக மூன்றாவது வரிக்குப் போனாள். உங்கள் நோட்டில் இருக்கும் கோலம் ஒன்றைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்கச் சொன்னாள்.

துப்பாக்கியும் வேலை செய்கிறது. மகன் முதல் எட்டு வாத்தைத் தவறவிட்டு ஒன்பதாவதை அடித்தான்.

அப்புறம் மாரியோ. பாட்டு தொடங்கிய அந்த நொடியே தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. மாரியோவை நகர்த்தாமல் நிற்க வைத்தோம். மகனிடம் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கொடுத்து நொடிமுள்ளைப் பார்க்கச் சொன்னேன். டைம் 100-க்கு வந்ததும் அந்தப் பாட்டு அவசரப்பட ஆரம்பித்தது, மகன் பதறிப்போய் 'ஓடு, ஓடு' என்றான். நாங்கள் ஓடவில்லை. பூஜ்யம் ஆனதும் கடிகாரத்தை நீட்டினான்.

3 நிமிடம் 12 விநாடி. ஒரு விநாடி முன்னே பின்னே இருக்கலாம் வாத்தியார், கையால் பார்த்ததுதான். போனில் இருக்கும் வீடியோவோடு சேர்த்துப் போட்டும் பார்த்தோம். போன் மாரியோவுக்கு 2 நிமிடம் 40.

வீட்டை வாடகைக்கு விடுவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். டிவி முன்ரூமிலேயே இருக்கிறது. அடுத்த ஞாயிறு யார் வந்தாலும் இரண்டாவது ஜாய்ஸ்டிக் காலியாகத்தான் இருக்கும்.

வில்லியனூர்க்காரி | ஞாயிறு, இரவு 9.50

நோட்டையே எடுத்துக்கொண்டு வருகிறேன். மஞ்சக்குப்பத்தில் எந்தத் தெரு என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.